கேம்பர் வண்டியின் லித்தியம் செல்கள்: பேலன்ஸும் பராமரிப்பும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தனித்தனி செல்களாக வாங்கி, என் கேம்பருக்கு நானே பேட்டரி கட்டிக்கொண்டேன். அது தெரிந்த நாளிலிருந்து ஒரே சந்தேகங்களை வேறுவேறு ஆட்கள் கேட்டபடி இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கணக்குகள் எல்லாம் 280 ஏஎச் (ஆம்ப்-அவர், செல்லின் கொள்ளளவு) செல்கள் நான்கை வரிசையாக இணைத்த 12 வோல்ட் பேக்கை வைத்துச் சொன்னவை. எட்டு செல் போட்ட 24 வோல்ட் பேக் என்றால் பேக் வோல்டேஜை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். செல் வோல்டேஜ் மாறாது.

லித்தியம்னாலே தீப்பிடிக்கும்னு பயமுறுத்துறாங்க. வண்டிக்குள்ள வச்சுட்டுத் தூங்கலாமா?

எந்த லித்தியம் என்பதுதான் கேள்வி. கேம்பர்களில் இப்போது பெரும்பாலும் போடுவது லித்தியம் இரும்பு பாஸ்பேட், சுருக்கமாக எல்எஃப்பி. 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் வெளியிட்ட வேதியியல் இது. அவர் 2019-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். ஃபோன், லேப்டாப்பில் இருக்கும் கோபால்ட், நிக்கல் வகைகளைவிட இது சூட்டைத் தாங்கும், எளிதில் கட்டுமீறிக் கொதிக்காது. இதன் சராசரி வோல்டேஜ் 3.2, உச்சம் 3.65. மற்ற வகைகளுக்கு 3.6 அல்லது 3.7, உச்சம் 4.2. அதனால் இங்கே சொல்லும் எண்களை அவற்றுக்குப் போடக்கூடாது.

தீயைவிட நான் அதிகம் பயப்படுவது ஷார்ட்டுக்கு. ஒரு ஸ்பேனர் தவறி இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்ப் பாயும், இரும்பு உருகித் தெறிக்கும். ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள், மோதிரம், வாட்சைக் கழற்றுங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே கிளாஸ்-டி (Class T) ஃப்யூஸ் போடுங்கள். சாதாரண ஃப்யூஸ் இவ்வளவு கரன்ட்டை அறுக்க முடியாமல் பொறிபறக்க நின்றுவிடக்கூடும்.

பேலன்ஸ் பண்றதுன்னா என்ன? நாலும் புது செல்தானே, எதுக்குப் பண்ணணும்?

நான்கு குடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். வயிறு அகலம், கழுத்து குறுகல். உள்ளே இருக்கும் தண்ணீர்தான் சார்ஜ், தண்ணீர் மட்டத்தின் உயரம்தான் வோல்டேஜ். வரிசையாக இணைத்த செல்களில் ஒரே கரன்ட்தான் எல்லாவற்றுக்குள்ளும் போகும். அதாவது நான்கு குடத்திலும் எப்போதும் ஒரே அளவு தண்ணீர்தான் விழும், ஒன்றுக்கு மட்டும் நிறுத்த முடியாது. ஒரு குடத்தில் ஏற்கெனவே ஒரு செம்பு தண்ணீர் அதிகமாக இருந்தால், வயிறு நிரம்பும்வரை அது கண்ணில் படாது. கழுத்துக்கு வந்ததும் அது மட்டும் சர்ரென்று ஏறி வழியும், மற்றவை இன்னும் கழுத்தையே தொட்டிருக்காது.

வழிய விடாமல் பிஎம்எஸ் (ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் கண்காணிக்கும் காவல் பலகை) சார்ஜை அறுத்துவிடும். அதனால் ஆபத்து இல்லை, நஷ்டம் உண்டு: மற்ற மூன்றும் முழுதாக நிரம்பாமலே நிற்கும். காலியாகும்போது, எது மிகக் குறைவாக நிரம்பியதோ அது முதலில் தரைதட்டி எல்லோரையும் நிறுத்தும். நான்கும் ஒரே நேரத்தில் கழுத்துக்கு வரும்படி முதலிலேயே செய்துவைப்பதுதான் பேலன்ஸ். மேல்முனையில் சமப்படுத்துவதால் இதற்கு டாப் பேலன்ஸ் என்று பெயர்.

செல் வந்து இறங்கினதும் மல்டிமீட்டர்ல பார்த்தேன், நாலும் 3.29 வோல்ட். அப்போ பேலன்ஸா இருக்குன்னுதானே அர்த்தம்?

இல்லை. எல்லாமே வயிற்றுப் பகுதியில் இருக்கின்றன என்றுதான் அர்த்தம். எல்எஃப்பி செல் ஏறக்குறைய 20 சதவீதத்திலிருந்து 90 சதவீதம்வரை 3.2-க்கும் 3.35-க்கும் இடையிலேயே படுத்துக்கிடக்கும். அங்கே ஒரு சில மில்லிவோல்ட் வித்தியாசத்துக்குள் பத்து சதவீத சார்ஜ் வித்தியாசம் ஒளிந்துகொள்ள முடியும். போதாததற்கு, மலிவான மல்டிமீட்டரின் பிழையே அரை சதவீதம், அதாவது 16 மில்லிவோல்ட் இருக்கலாம். செல்களை ஒப்பிடுவதென்றால் எப்போதும் ஒரே மீட்டரால் ஒப்பிடுங்கள்.

சரி, டாப் பேலன்ஸ் எப்படிப் பண்றது? முதல்லேருந்து சொல்லுங்க.

முதலில் நான்கையும் வரிசையாக இணைத்து, பிஎம்எஸ் மாட்டி, சாதாரண சார்ஜரால் ஏற்றுங்கள். ஏதாவது ஒரு செல் 3.65 தொட்டு பிஎம்எஸ் அறுக்கும்போது நிறுத்துங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பாதி சார்ஜில் வரும் நான்கு செல்லை நேராகப் பேரலலில் போட்டால் 560 ஏஎச் ஏற்ற வேண்டும், 10 ஆம்ப் சப்ளைக்கு 56 மணி நேரம். வரிசையில் என்றால் 140 ஏஎச்தான், 20 ஆம்ப் சார்ஜருக்கு ஏழு மணி நேரம்.

பிறகு பிஎம்எஸ்ஸைக் கழற்றிவிட்டு, பிளஸ்ஸெல்லாம் ஒன்றாக, மைனஸெல்லாம் ஒன்றாக நான்கையும் பேரலலில் இணையுங்கள். பெஞ்ச் பவர் சப்ளையை எதிலும் மாட்டாமல் வைத்து 3.65 வோல்ட்டுக்குத் திருப்பி, மல்டிமீட்டரால் சரிபார்த்து, அதன்பிறகே செல்களில் மாட்டுங்கள். மாட்டியபின் வோல்டேஜ் குமிழைத் தொடவே கூடாது. செல் முனையில் 3.65 வந்து, கரன்ட் ஒன்றிரண்டு ஆம்புக்கு இறங்கியதும் முடிந்தது. அப்படியே நாள்கணக்கில் விட்டுவைக்காதீர்கள்.

இணைப்பைக் கழற்றியபின் ஒரு நாள் கழித்துப் பார்த்தால் 3.4-க்குப் பக்கத்தில் இறங்கியிருக்கும். பதறவேண்டாம், எல்எஃப்பி அப்படித்தான் அமரும்.

பவர் சப்ளைல 3.65 காட்டுது, செல்லுல அளந்தா ரெண்டு நாளா 3.34-லயே நிக்குது. சப்ளை பழுதா?

சப்ளை நன்றாகத்தான் இருக்கிறது, அதோடு வந்த ஒயர்தான் மோசம். மெல்லிய ஒயரும் முதலை கிளிப்பும் சேர்ந்து 0.1 ஓம் தடை கொடுத்தாலே, 0.3 வோல்ட் வித்தியாசத்துக்கு 3 ஆம்ப்தான் போகும். தடித்த ஒயரில் லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) அடித்து போல்ட் போட்டு இறுக்குங்கள், கரன்ட் உடனே ஏறும்.

இங்கேதான் 'கொஞ்சம் 4 வோல்ட் வைத்தால் வேகமாகப் போகுமே' என்ற ஆசை வரும். எனக்கும் வந்தது. இரவு வைத்துவிட்டுத் தூங்கப் போய், அலாரம் அடிக்காமல் போயிருந்தால் நான்கு செல்லும் ஊதியிருக்கும். கழுத்துப் பகுதியில் வோல்டேஜ் ஏறும் வேகத்தை ஒருமுறை நேரில் பார்த்தவர்கள் இந்த விளையாட்டுக்குத் திரும்ப மாட்டார்கள்.

பாட்டம் பேலன்ஸ்னு ஒண்ணு இருக்காமே?

இருக்கிறது. காலியாகும் முனையில் நான்கையும் சமப்படுத்துவது. சோலார் வண்டியில் தினமும் மேலே நிரம்புவதுதான் வழக்கம், பிஎம்எஸ்ஸின் பேலன்சரும் மேல்முனையில்தான் வேலை செய்யும். நமக்கு டாப்தான்.

பிஎம்எஸ்ஸே பேலன்ஸ் பண்ணும்னு போட்டிருக்கு. அப்புறம் எதுக்கு இவ்வளவு கஷ்டம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண பிஎம்எஸ், உயர்ந்த செல்லின் சார்ஜை ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாக எரித்துக் கழிக்கும். அதன் வேகம் பெரும்பாலும் 30 முதல் 100 மில்லிஆம்ப். செல் 3.4-ஐத் தாண்டி இருக்கும்போதுதான் அது பயனுள்ள வேலை. வெயில் நன்றாக அடிக்கும் நாளில் அந்த உயரத்தில் ஒரு மணி நேரம் நின்றது என்றே வைத்துக்கொள்வோம். 100 மில்லிஆம்புக்கு ஒரு நாளில் கழிவது 0.1 ஏஎச். செல்களுக்குள் 5 ஏஎச் வித்தியாசம் இருந்தால் 50 நல்ல வெயில் நாள் வேண்டும். மேகமூட்டமான நாள் கணக்கில் வராது.

முதல் நாளே கையால் சமப்படுத்திவிட்டால், பிறகு மெதுவாக விலகுவதைச் சரிசெய்ய இந்த 0.1 தாராளமாகப் போதும்.

ரெண்டு ஆம்ப் ஆக்டிவ் பேலன்சர் வாங்கிப் போட்டேன். முன்னாடி இருந்ததைவிட மோசமாயிடுச்சு, ஏன்?

இரவு பகல் ஓடவிட்டிருப்பீர்கள். ஆக்டிவ் பேலன்சர் உயர்ந்த செல்லிலிருந்து எடுத்துத் தாழ்ந்த செல்லுக்கு ஊற்றும். ஆனால் அது பார்ப்பது வோல்டேஜை மட்டும், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல. வயிற்றுப் பகுதியில் லோடு போட்டவுடன், உள்தடை அதிகமுள்ள செல் தாழ்ந்து காட்டும். 'பாவம், இதற்குக் குறைவு' என்று பேலன்சர் அதற்கு ஊற்றிக்கொண்டே இருக்கும். மறுநாள் சார்ஜ் ஏறும்போது அந்தச் செல்தான் முதலில் கழுத்துக்கு ஓடும்.

மருந்து எளிது: செல் 3.40 அல்லது 3.45-க்கு மேல் இருக்கும்போது மட்டும் தொடங்கும்படி அமையுங்கள். அந்த அமைப்பே இல்லாத பேலன்சர் என்றால் ஒரு சுவிட்ச் போட்டு, மேலே நிற்கும் நேரத்தில் மட்டும் ஓட்டுங்கள்.

சோலார் கன்ட்ரோலர்ல என்ன நம்பர் வைக்கணும்? 14.6 வச்சாத்தானே முழுசா நிரம்பும்?

14.6 என்பது செல்லுக்கு 3.65, அது எல்லை. தினமும் எல்லையைத் தொட்டுவிட்டு வர அவசியமில்லை. 14.0 முதல் 14.2 வைத்து, அந்த வோல்டேஜில் பிடித்து நிறுத்தும் அப்ஸார்ப்ஷன் நேரத்தை 20, 30 நிமிடத்துக்குக் கட்டுப்படுத்தினாலே செல் கிட்டத்தட்ட முழுதாக நிரம்பிவிடும். அதற்கு மேலே இருப்பது கழுத்தில் நிற்கும் இரண்டு கை தண்ணீர்தான். ஃப்ளோட், அதாவது நிரம்பியபின் கன்ட்ரோலர் இறங்கி நிற்கும் வோல்டேஜ், 13.4 வையுங்கள். பகலில் ஃபேனும் ஃபிரிட்ஜும் பேனலிலிருந்தே ஓடும், பேட்டரி சும்மா இருக்கும்.

லெட்-ஆசிட் பேட்டரிக்காகக் கொடுத்த இரண்டு வசதிகளை மறக்காமல் அணைக்க வேண்டும்: ஈக்வலைஸ், வெப்பநிலைக்கேற்ற வோல்டேஜ் திருத்தம். முதலாவது 15 வோல்ட்டைத் தாண்டித் தள்ளும். இரண்டாவது குளிரான காலையில் வோல்டேஜைத் தானாகவே ஏற்றிவிடும்.

இன்வெர்ட்டர், டிசி லோடுகளின் கட்-ஆஃப்பை 12 வோல்ட்டில் வையுங்கள். பிஎம்எஸ்ஸின் 3.65, 2.5 எல்லைகள் கடைசிக் காவல், தினசரி சுவிட்ச் அல்ல. இன்னொன்று: கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை மாட்டி, பிறகு பேனலை மாட்டுங்கள். கழற்றும்போது பேனல் முதலில். பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் மாட்டிய நிலையில் சில கன்ட்ரோலர்கள் பழுதாகிவிடும்.

ஒரு செல் மட்டும் திடீர்னு 3.65-க்கு ஓடிப் போய் பிஎம்எஸ் கட் ஆகுது. மத்ததெல்லாம் 3.38. செல் போச்சா?

பெரும்பாலும் போகவில்லை. அந்தக் குடத்தில் ஒரு செம்பு அதிகம், அவ்வளவுதான். சார்ஜ் வோல்டேஜை 13.8-க்கு, அதாவது செல்லுக்கு 3.45-க்கு இறக்கிவிட்டு, சில நாள் அந்த உயரத்தில் நீண்ட நேரம் நிற்க விடுங்கள். பேலன்சருக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும். வித்தியாசம் குறையக் குறைய மெல்ல 14.0-க்கு ஏற்றலாம்.

பொறுமை இல்லையென்றால், 2 ஓம் 10 வாட் ரெசிஸ்டரை அந்தச் செல்லின் இரு முனைகளில் மட்டும் மாட்டுங்கள். 1.7 ஆம்ப் இழுக்கும், மணிக்கு 1.7 ஏஎச் கழியும். நன்றாகவே சுடும், பிளாஸ்டிக் மேல் வைக்காதீர்கள், பக்கத்திலேயே இருங்கள். மாட்டிவிட்டு மறந்துபோய், அந்தச் செல்லையே காலி செய்துவிட்டு என்னிடம் வந்தவர் உண்டு.

லோடு போட்டா மூணாவது செல் இறங்குது, சார்ஜ் பண்ணா அதே செல் மேலே போகுது. இதுவும் பேலன்ஸ் பிரச்சினையா?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், பாதிப் பேர் இங்கேதான் தடம் மாறிப் போகிறார்கள். கரன்ட் போகும் திசையைப் பொறுத்து ஒரு செல் இருபக்கமும் ஆடினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பேலன்ஸை அல்ல, தடையை. செல்லின் உள்தடை கால் மில்லிஓமுக்குக்கூட வராது. பஸ்பார் (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை) சரியாக உட்காராமல் அரை மில்லிஓம் சேர்ந்தால், 100 ஆம்பில் 50 மில்லிவோல்ட் ஆட்டம் காட்டும், அந்த இடத்தில் 5 வாட் சூடும் பிறக்கும்.

கண்டுபிடிக்க வழி: இன்வெர்ட்டரில் பெரிய லோடு போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முள்ளை செல்லின் முனையிலேயே, இன்னொன்றைப் பஸ்பாரில் வைத்து அளங்கள். நல்ல இணைப்பில் ஒன்றிரண்டு மில்லிவோல்ட்டுக்குள் இருக்கும். ஒரே ஒரு இணைப்பு மட்டும் பத்து, இருபது என்று காட்டினால் அதுதான் திருடன். கழற்றி, அலுமினிய முனையை நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, உடனே மாட்டுங்கள். அலுமினியம் காற்றுப்பட்ட மாத்திரத்தில் ஆக்சைடு படலம் கட்டிக்கொள்ளும். இறுக்கத்துக்கு செல்லின் டேட்டாஷீட்டில் உள்ள அளவை டார்க் ரெஞ்சால் வையுங்கள். கைபலத்தைக் காட்டினால் அலுமினிய மரை கழன்றுவிடும்.

மூன்று நோய்களையும் பிரித்தறிய: மேல்முனையில் மட்டும் முந்தினால் பேலன்ஸ். லோடிலும் சார்ஜிலும் எதிரெதிராக ஆடினால் இணைப்பு, இல்லையென்றால் செல் வோல்டேஜை அளக்கும் பிஎம்எஸ்ஸின் சென்ஸ் ஒயர். சார்ஜில் முதலில் நிரம்பி, லோடில் முதலில் காலியானால் அந்தச் செல்லின் கொள்ளளவே குறைந்துவிட்டது.

வண்டி ஆடுற ஆட்டத்துல செல்லுக்கு ஒண்ணும் ஆகாதா? அப்பப்போ என்னென்ன பார்க்கணும்?

வீட்டு பேட்டரிக்கும் வண்டி பேட்டரிக்கும் பெரிய வித்தியாசமே இதுதான். செல்கள் ஒன்றோடொன்று உரசி நகரக்கூடாது. நடுவில் இன்சுலேஷன் தகடு வைத்து, இருபக்கமும் பலகையால் சேர்த்துப் பிடித்துக் கட்டுங்கள். நசுக்க வேண்டாம். மேலே உள்ள வென்ட்டை (வாயு வெளியேறும் வழி) எதுவும் மூடக்கூடாது. கெட்டியான பஸ்பாரைவிட, வளைந்துகொடுக்கும் பின்னல் பஸ்பார் நல்லது. இல்லையென்றால் குலுக்கல் முழுவதும் செல் முனையில் போய் இறங்கும்.

கட்டிய முதல் மாதத்தில் ஒருமுறை எல்லா நட்டையும் சரிபாருங்கள், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. லோடு ஓடும்போது இணைப்புகளுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் எது சூடு என்று பாருங்கள். சார்ஜ் முடியும் நேரத்தில் செல் வோல்டேஜ்களைக் குறித்துவையுங்கள். மற்ற நேரத்தில் ஃபோனில் பேட்டரி ஆப்பைத் திறந்து மில்லிவோல்ட் பார்ப்பது வெறும் மனக்கவலை.

பனி பெய்யுற இடத்துக்குப் போறோம். பேட்டரி தாங்குமா?

பயன்படுத்தலாம், சார்ஜ் ஏற்றக்கூடாது. செல்லின் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது ஏற்றினால், லித்தியம் உள்ளே போய் அமராமல் நெகட்டிவ் தகட்டின் மேல் உலோகமாகவே படியும். அந்தச் சேதம் திரும்பாது, வெளியேயும் தெரியாது. குளிரில் சார்ஜை அறுக்கும் வசதியுள்ள பிஎம்எஸ் அவசியம், அதன் சென்சர் செல்லின் உடம்பைத் தொட்டு இருக்க வேண்டும். பேட்டரியை வண்டிக்குள்ளே, ஆட்கள் இருக்கும் கதகதப்பில் வைப்பதே சிறந்த வழி. அடியில் ஹீட்டிங் பேட் இரண்டாவது வழி.

வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர்லேருந்து நேரா ஏத்தலாமா?

வேண்டாம். லித்தியம் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். மெதுவாக ஊர்ந்து போகும்போது காற்றோட்டமில்லாத ஆல்டர்னேட்டர் முழு கரன்ட் கொடுத்துச் சூடேறும். நடுவில் பிஎம்எஸ் அறுத்தால், இறங்க இடமில்லாத வோல்டேஜ் துள்ளி ஆல்டர்னேட்டரின் டையோடுகளைப் பதம் பார்க்கும். நடுவில் நின்று கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் போட்டால் இரண்டுமே தீர்ந்தது.

ஆப்ல 40 சதவீதம்னு காட்டும்போதே கட் ஆகுது. பொய் சொல்லுதா?

பொய் சொல்லவில்லை, கணக்கைத் தவறவிட்டது. வயிற்றுப் பகுதியில் வோல்டேஜை வைத்து அளவு சொல்ல முடியாது என்று முன்னாலேயே பார்த்தோம். அதனால் ஷன்ட் (கரன்ட்டை அளக்கும் கருவி) உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணிக்கொண்டே இருக்கும். சின்னச் சின்ன பிழை தினமும் சேரும். முழுதாக நிரம்பும்போது மட்டும் அது 100-க்குத் திரும்பித் தன்னைச் சரிசெய்துகொள்ளும். மூன்று வாரம் மேகமாக இருந்து பேட்டரி ஒருமுறைகூட நிரம்பவில்லையென்றால், காட்டும் எண் வெறும் யூகம். வாரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது முழுதாக நிரப்புங்கள், பேலன்சருக்கும் அப்போதுதான் வேலை கிடைக்கும்.

மூணு மாசம் வண்டியை நிறுத்தி வைக்கிறேன். ஃபுல்லா ஏத்தி வைக்கட்டுமா?

லெட்-ஆசிட் பழக்கம் அது. எல்எஃப்பி முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் சீக்கிரம் கிழடாகும். பாதி, 40 முதல் 60 சதவீதம் வைத்து, லோடுகளையெல்லாம் பிரித்துவிடுங்கள். பேனலையும் பிரியுங்கள், இல்லையென்றால் தினமும் நிரப்பிக்கொண்டே இருக்கும். செல்லின் சுயகழிவு மாதத்துக்கு இரண்டு மூன்று சதவீதம்தான். பேட்டரியைக் கொல்வது பெரும்பாலும் மறந்துபோன யூஎஸ்பி சாக்கெட் விளக்கும், கேஸ் டிடெக்டரும், பிஎம்எஸ்ஸின் சொந்தச் செலவும்தான்.

அப்படி மறந்துட்டேன். ஒரு செல் 1.9 வோல்ட். காப்பாத்த முடியுமா?

முயன்று பார்க்கலாம். அந்தச் செல்லை மட்டும் தனியே, ஓரிரு ஆம்பில், 3 வோல்ட் வரும்வரை மெல்ல ஏற்றுங்கள், பக்கத்திலேயே இருங்கள். சூடானாலோ ஊதினாலோ நிறுத்திவிடுங்கள். ஏறிவிட்டால் பிறகு வழக்கமான சார்ஜ், அதன்பின் ஒரு வாரம் தனியே வைத்து வோல்டேஜ் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

1.5-க்குக் கீழே நெடுநாள் கிடந்தது, அல்லது மைனஸில் காட்டியது என்றால் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைந்து, சார்ஜ் ஏறும்போது வேறு இடத்தில் படிந்து உள்ஷார்ட் உண்டாக்கும். இன்று ஏறியது போலக் காட்டிவிட்டு ஒரு மாதம் கழித்து காலை வாரும்.

அந்த ஒரு செல்லை மட்டும் மாத்தினா போதுமா, இல்ல நாலையும் மாத்தணுமா?

ஒன்றை மாற்றலாம். ஆனால் பேக்கின் கொள்ளளவு மிச்சமிருக்கும் பழைய செல்களில் எது பலவீனமோ அதன் அளவுதான், புதுசின் கூடுதல் பலம் வீண். அதே வகை, அதே ஏஎச் வாங்கி, மாட்டுவதற்கு முன் நான்கையும் மறுபடி பேரலலில் போட்டு டாப் பேலன்ஸ் செய்யுங்கள். வந்த செல்லை அப்படியே மாட்டிவிட்டு பேலன்சர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டால், மேலே போட்ட 50 நாள் கணக்கு 500 நாளாகக்கூட நீளும்.

பழைய பேக்கை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் புது பேக்கைப் பேரலலில் சேர்ப்பது இதைவிட நிம்மதி. இரண்டுக்கும் தனித்தனி பிஎம்எஸ், தனித்தனி ஃப்யூஸ், ஒரே நீள ஒயர். இணைக்கும் நாளில் இரண்டையும் முழுதாக நிரப்பி, வோல்டேஜ் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இணையுங்கள். இல்லையென்றால் ஒன்று மற்றொன்றுக்குள் கொட்டும் கரன்ட்டிலேயே பிஎம்எஸ் அறுந்து நிற்கும்.